கிளுவையின் கழுத்தில் ஒரு நீலக் கயிறு

சென்ற ஆனியில் மேற்குப் பக்க வேலியைத் திருத்துவதற்காகப் பழைய முட்கம்பியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வேலிக்கு நட்ட தடி வேர்விட்டு நல்ல பருமனாக வளர்ந்திருந்த கிளுவைக் கதியால் ஒன்றில் கையை ஊன்றியபோது, அது நெஞ்சளவு உயரத்தில் முறிந்து காலடியில் விழுந்தது. கறையானாக இருக்கும் என்று குனிந்து பார்த்தேன். கறையான் இல்லை. முறிந்த இடத்துக்கு மேலே தண்டு குடம்போலத் திரண்டிருந்தது, கீழே மெலிந்துபோயிருந்தது. இரண்டுக்கும் நடுவே, பட்டைக்குள் முழுவதுமாகப் புதைந்து, நீலக் கயிறு ஒன்று இருந்தது. கத்தி நுனியால் அதை நெம்பி எடுத்தபோதுதான் திடுக்கிட்டேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த முடிச்சு வெயிலில் வெளிறி, தொட்டவுடன் மாவாக உதிர்ந்தது. மரத்துக்குள் வெயில் படாமல் இருந்த பகுதியோ, கடையில் வாங்கிய அன்றுபோலப் பளிச்சென்ற நீலத்தில், ஓர் இழைகூட நையாமல் இருந்தது.

அந்தக் கயிற்றைக் கட்டியவள் நானே. 2008 இன் இறுதியில், போரினால், இலங்கையின் வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்திலுள்ள எங்கள் ஊரைவிட்டு வெளியேறிய நாங்கள், 2011 இல் திரும்பி வந்தபோது காணியில் கிணற்றுக்கட்டையும் இரண்டு தென்னைகளையும் தவிர வேறெதுவும் அடையாளம் சொல்லும்படியாக இல்லை. கையில் இருந்தவை கூரைக்குத் தந்த தகரங்களும் தரப்பாளும் ஒரு சுருள் நீலக் கயிறும் மட்டுந்தான். முதல் மாரிக்கே கிளுவைத் தடிகளை வெட்டி வந்து நட்டு, அவற்றுக்குக் குறுக்கே தடி வைத்து, அந்தக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். வேலி எழுந்த அன்று மாலைதான் அந்த மண் மறுபடியும் எங்களுடையது என்று எனக்குத் தோன்றியது. இனி எவரும் அவிழ்க்க முடியாதபடி கட்ட வேண்டும் என்ற பிடிவாதம் அப்போது எனக்குள் இருந்தது. மரம் வளரும், பருக்கும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவேயில்லை.

அன்று வேலியை விட்டுவிட்டு, கதியால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பதினொரு கதியால்களில் அதே புடைப்பு இருந்தது. இரவு படுத்த பின்பும் அந்த நீலம் கண்ணுக்குள் நின்றது. ஒரு கதியால் முறிவதற்கு இவ்வளவு கலங்க வேண்டியதில்லை என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் ஒரு மரத்தை இதே முறையில், இதைவிட வேகமாக, நான் முன்பே ஒரு தடவை கொன்றிருக்கிறேன்.

அம்மப்பாவின் ஆத்தி

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. போரின் நடுவே வன்னிக்குப் பொருள்கள் வரவிடாமல் தடுத்திருந்த பொருளாதாரத் தடைக் காலம். வன்னிக்குள் ஒரு பொருள் வந்து சேருவதென்றால் அதற்கே ஒரு கதை இருக்கும். எங்கள் வீட்டில் கயிறு என்றால் அது அம்மப்பாவின் கையிலிருந்து வருவது. கன்று கட்ட, துலாவுக்கு, வயலில் காவல் பரண் கட்ட, நெல்லுச் சாக்கின் வாய் கட்ட, அடுப்படியில் தயிர்முட்டி தூங்கும் உறிக்கு என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பருமனில் அவர் திரித்து வைத்திருப்பார். தேங்காயின் பொச்சைக் குளத்தில் ஊறப்போட்டுத் தும்பு அடிப்பதும் உண்டு. பனை மட்டையில் உரித்த நாரால் வேலி வரிவதும் உண்டு. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ்க் குடியேற வந்த யாழ்ப்பாணத்தார் அதில் மிகத் தேர்ந்தவர்கள். ஆனால் உயிருள்ள ஒன்றின் உடம்பில் படுகிற கயிற்றுக்கு அவர் ஆத்தி நாரைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். ஆத்தியை வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுக் குளம்புபோல நடுவே பிளந்த இலையும், கரடுமுரடான கறுத்த பட்டையும், நேராக வளரத் தெரியாத கொப்புகளுமாக நிற்கும் மரம். சோழர் சூடிய பூ இந்த மரத்தினுடையது என்று எங்கள் தமிழ் ஆசிரியர் சொன்னபோது, ஆடு தின்கிற குழையா அது என்று வகுப்பே வியந்தது.

வருடப் பிறப்புக்கு ஊஞ்சல் கட்ட எனக்குக் கயிறு வேண்டியிருந்தது. மாரி முடிகிற நேரம். வாய்க்கால் ஓரத்தில், தொடைப் பருமனில், ஓரளவு நேரான ஓர் ஆத்தி நின்றது. கத்தியோடு போய்ப் பட்டையில் ஒரு கீறல் போட்டு இழுத்தேன், கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. அது வந்த இலகுவில் மயங்கி, மரத்தைச் சுற்றிச் சுற்றி, இடுப்பளவு உயரத்திலிருந்து கைக்கு எட்டிய மட்டும் முழுவதையும் உரித்துவிட்டேன். தோளில் பட்டைக் கட்டைச் சுமந்துகொண்டு வந்து அம்மப்பாவின் முன்னால் போட்டபோது எனக்கிருந்த பெருமையை இன்றும் மறக்கவில்லை.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு பட்டையையும், ஒரு துண்டுகூட வீணாகாமல், பல நாட்கள் இருந்து கயிறாக்கினார். ஊஞ்சலும் ஆடினேன். மரம் பச்சையாகவே நின்றது. சித்திரையில் துளிர்த்தது. அதைப் பார்த்து, மரத்துக்கு ஒன்றும் நேரவில்லை என்றே நம்பினேன். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று அடித்து ஓய்ந்த பிறகு ஒரு நாள் அம்மப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இலைகள் கொப்பிலேயே சுருண்டு, பழுப்பாகித் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் மரத்தின் அடியில் மண்ணைக் கிளறி, ஒரு வேரை எடுத்து ஒடித்துக் காட்டினார். சுள்ளிபோல ஒடிந்தது.

"மேலை தண்ணி போனது பிள்ளை, கீழை சோறு வரேல்லை. வேர் பட்டினி கிடந்து செத்தது."

உயர்தரத்தில் தாவரவியல் படிக்கும்போது, காழ் வழியாக நீர் மேலே ஏறுவதையும், இலை சமைத்த உணவு உரியம் வழியாக வேருக்கு இறங்குவதையும், உரியம் பட்டையோடு சேர்ந்தே உரிந்துவிடும் என்பதையும் கரும்பலகையில் வரைந்து காட்டினார்கள். வளையமாகப் பட்டை எடுத்த தண்டில், வெட்டுக்கு மேலே உணவு தேங்கிப் புடைக்கும் என்றும் சொன்னார்கள். வகுப்பில் இருந்த மற்றவர்களுக்கு அது பரீட்சைக்கான படம். எனக்கு அது வாய்க்கால் ஓரத்து ஆத்தி. கயிறு திரிக்கும் நாரும் அந்த உள்பட்டையில், உரியத்தோடு உரியமாகவே கிடக்கிறது என்பதை அப்போதுதான் தெளிவாக விளங்கிக்கொண்டேன். மரம் வேருக்குச் சோறு அனுப்புகிற அதே வழியிலிருந்துதான் நமக்கும் கயிறு வருகிறது. நாரை எடுப்பது என்றால், மரத்தின் உணவு வழியில் எவ்வளவை எடுத்துக்கொள்ளலாம், எவ்வளவை அதற்கு விட்டுவைக்க வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் முடிவெடுப்பதுதான். நீலக் கயிறு அதே வழியை வெளியிலிருந்து, வெட்டாமல், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நெரித்திருக்கிறது.

ஆடியில் உரித்த பட்டை

வேலியை நாரால் கட்டுவதென்று முடிவு செய்தேன். நார்க் கயிறு இரண்டு மூன்று மாரிக்குள் உக்கி விழுந்துவிடும். மரம் பருக்கும்போது அது வழிவிடும். அது உக்குவதை நாங்கள் குறையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். வேலிக்கு வேண்டியிருந்தது அந்தக் குறைதான்.

ஆடி மாதம் வயற்கரையில் நின்ற ஆத்தியில் இரண்டு கொப்புகளை வெட்டிக்கொண்டு வந்தேன். காட்டுக்குள் போயிருந்தால் இன்னும் நல்ல கொப்புகள் கிடைத்திருக்கும். ஆனால் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளுக்கு அஞ்சி ஆண்டுக்கணக்காகக் காட்டுப் பாதைகளைத் தவிர்த்து வாழ்ந்தோம். பலகைகள் அகற்றப்பட்ட பிறகும் கால் அந்தப் பக்கம் போக மறுக்கிறது. எங்களுக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பாலையையும் வீரையையும்கூடப் பிரித்துச் சொல்லத் தெரியாமற்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டை எளிதில் வரவில்லை. துண்டு துண்டாக, விறகோடு ஒட்டிக்கொண்டு, சிராய் சிராயாக வந்தது. பொறுமையாகச் சுரண்டி எடுத்து, ஒரு வாரம் தொட்டியில் ஊறவைத்து, அம்மப்பா செய்ததை நினைவில் கொண்டுவந்து திரித்தேன். பார்வைக்கு அழகாகவே இருந்தது. கதியாலைச் சுற்றி இறுக்கியபோது 'படக்' என்று அறுந்தது. மறுபடி திரித்தேன். மறுபடியும் அறுந்தது. முறுக்குப் போதவில்லை என்று நினைத்து இன்னும் இறுக்கி முறுக்கினேன், முறுக்கும்போதே அறுந்தது. நாற்பதைத் தாண்டிய வயதில், அம்மப்பாவின் கை எனக்கு வராது என்ற எண்ணம் அப்போது மிகவும் வருத்தியது. அறுந்த கயிறுகளை எறிய மனமில்லாமல் திண்ணை மூலையில் வைத்திருந்தேன்.

கார்த்திகையில் ஒரு பிற்பகல், மழை விட்டிருந்த நேரம், பக்கத்து வளவு ஆச்சி தேங்காய் கேட்டு வந்தா. எண்பது வயதைக் கடந்தவ. திண்ணையில் கிடந்த கயிற்றை எடுத்தா. முறுக்கைப் பார்ப்பா, குறை சொல்லுவா என்று காத்திருந்தேன். அவ அதைப் பார்க்கவேயில்லை. அறுந்த நுனியைப் பிரித்து, நாரை நகத்தால் வகிர்ந்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டுக் கேட்டா.

"எப்ப மோனை உரிச்சனி?"

"ஆடியிலை ஆச்சி."

"ஆடியிலை மரம் தோலைத் தராது. நீ பிடுங்கி எடுத்திருக்கிறாய்."

முறுக்கில் பிழை இருக்கவில்லை. நான் மாதக்கணக்காகக் கைகளைக் குறைகூறிக்கொண்டிருந்தேன். பிழை நாட்காட்டியில் இருந்தது. மழை கண்டு மரம் வளரும் காலத்தில் பட்டைக்கும் விறகுக்கும் இடையிலுள்ள மாறிழையம் புதிய கலங்களை உண்டாக்கி, ஈரமாக, மென்மையாக இருக்கும். பட்டை அப்போது தானாக விலகும். வன்னியின் நீண்ட கோடையில் அந்த வேலை நின்றுபோய், பட்டை விறகோடு இறுகிக்கொள்கிறது. அந்த நேரத்தில் இழுத்தால் நாரின் நீளம் ஆயிரம் இடங்களில் உள்ளுக்குள்ளேயே முறிந்துதான் கைக்கு வருகிறது. பிறகு எவ்வளவு முறுக்கி என்ன? பன்னிரண்டு வயதில் பட்டை கையோடு வந்தது என் திறமையால் அன்று, மாரியால் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆச்சி தேங்காயை மறந்துவிட்டா. குடையை ஊன்றிக்கொண்டு என்னோடு வயற்கரைக்கு வந்து, எந்த மரம் என்று கேட்டு, அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தா. முதலில் அவ காட்டியது கீழே கிடந்த கொப்புகளை: ஆட்டுக்குக் குழை வெட்டினால் தின்ற பிறகு மிஞ்சும் கொப்புகளில் போதுமான நார் இருக்கிறதென்றும், அடிமரத்தைத் தொடுவது கடைசி வழியென்றும் சொன்னா. நீளமான நார் கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு மரத்தில் ஒரு கீற்று, அதுவும் இரண்டு விரல் அகலம், பின்னேர வெயில் படாத பக்கத்தில். அடியில் குறுக்கே ஒரு சின்ன வெட்டுப் போட்டு, கத்தியால் நெம்பி, நுனியைப் பிடித்து என்னையே இழுக்கச் சொன்னா. ஈரத் துணி கிழிவதுபோன்ற மெல்லிய சத்தத்தோடு பட்டை மேலே மேலே விலகிப் போய், போகப் போக ஒடுங்கி, என் தலைக்கு மேலே இரண்டு முழ உயரத்தில் தானாகவே கூராகி முடிந்து கையில் விழுந்தது. உரித்த இடத்தில் விரலை வைத்தேன். வெண்டிக்காயை வெட்டிய கத்திபோல வழுவழுத்தது.

இரண்டு புரி

பட்டையின் கறுத்த மேல்தோலைக் கத்தியின் முதுகால் வழித்து எடுத்துவிட்டால் உள்ளே இளஞ்சிவப்பான உள்பட்டை இருக்கும். அவசரமான கட்டுக்கு அதை அப்படியே கிழித்துப் பயன்படுத்தலாம். காய்ந்ததும் முறுகிவிடும், ஆனால் ஒரு போகத்துக்குத் தாங்கும். நீடிக்க வேண்டுமென்றால் ஊற வேண்டும். நீரிலுள்ள நுண்ணுயிர்கள் நாரை நாரோடு ஒட்டவைத்திருக்கும் பசையைத் தின்ன, உள்பட்டை கொப்பித் தாள்கள்போல ஏடு ஏடாகப் பிரியும். எத்தனை நாள் என்பதைத் தண்ணீரின் சூடும் பட்டையின் தடிப்பும் தீர்மானிக்கின்றன. ஆச்சியின் அளவுகோல் மூக்குத்தான். புளித்த மணம் வந்ததும் தினமும் ஒரு கீற்றை எடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்; அழுகல் நாற்றம் வந்துவிட்டால் நுண்ணுயிர்கள் பசையை முடித்துவிட்டு நாரைத் தொடங்கிவிட்டன என்று பொருள். பிறகு அலசி, நிழலில் காயவைத்து, திரிப்பதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பதமாக்கிக்கொள்ள வேண்டும். சொட்டச் சொட்ட நனைந்த நாரைத் திரித்தால், காய்ந்ததும் நார் சுருங்கிக் கயிறு தளர்ந்துவிடும்.

திரிப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அந்தக் கணம் ஒவ்வொரு தடவையும் எனக்கு அதிசயமாகவே இருக்கிறது. நார்க்கற்றையை நடுவில் மடிக்கக்கூடாது. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் கட்டையாக மடிக்க வேண்டும். அந்த இரண்டு பக்கங்களும்தான் இரண்டு புரிகள். இல்லாவிட்டால் இரண்டு புரியும் ஒரே இடத்தில் தீர்ந்து, இரண்டுக்கும் ஒரே இடத்தில் நார் சேர்க்க நேர்ந்து, கயிறு அங்கேதான் அறும். மடிப்பைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு, இரண்டு புரிகளையும் பக்கம் பக்கமாகத் தொடையில் வைத்து, உள்ளங்கையால் முன்னோக்கி உருட்ட வேண்டும். இரண்டும் தனித்தனியே ஒரே திசையில் முறுகும். கையை எடுக்காமல் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னோக்கி உருட்டினால், அவை ஒன்றையொன்று எதிர்த்திசையில் சுற்றிக்கொள்ளும். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்த்துக்கொள்ளத் துடிக்கிறது. அது அவிழ முயலும் அதே திசையில்தான் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஆகவே அவிழ முயல முயலக் கயிறு இறுகுகிறது. கையை விட்டாலும் பிரியாது. பசையில்லை, முடிச்சில்லை. ஒரு புரி மெலியத் தொடங்கியதும் புதிய நாரின் நுனியை அதற்குள் வைத்து உருட்டிக்கொண்டே போகலாம். முழம் முழமாக வளர்ந்த கயிற்றை இறுதியில் கப்புத் தூண் ஒன்றில் சுற்றி இழுத்து, நீட்டிக்கொண்டிருக்கும் பிசிர்களை உரசிப் போக்கிவிட வேண்டும்.

பிரான்சில் அப்ரி டு மாராஸ் என்ற பாறை ஒதுக்கிடத்தில், நியண்டர்தால் மனிதர் பயன்படுத்திய ஒரு கற்கருவியில் ஒட்டியிருந்த கயிற்றுத் துணுக்கைப் பற்றி 2020 இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். நீளம் ஏறக்குறைய 6 மில்லிமீற்றர். வயது 41,000 முதல் 52,000 ஆண்டுகள் வரை. உள்பட்டை நாரால் ஆனது, அநேகமாக ஊசியிலை மரத்தினுடையது. மூன்று புரிகள், ஒவ்வொரு புரியும் ஒரு திசையில் முறுக்கப்பட்டு, மூன்றும் எதிர்த்திசையில் சேர்க்கப்பட்டிருந்தன. அதைப் படித்தபோது எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, அவர்கள் எந்த மாதத்தில் உரித்திருப்பார்கள் என்பதுதான். பட்டை விலகும் பருவம் எது என்று அந்தக் குளிர்நாட்டு மரத்தைப் பார்த்துப் பார்த்து அறிந்த ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும். எங்கள் ஆச்சியைப் போல.

தம்பியோடு ஒரு வாக்குவாதம்

முல்லைத்தீவுக் கடலில் தொழில் செய்யும் தம்பிக்கு இதெல்லாம் வீண் வேலையாகப் படுகிறது. நான் ஒரு பாகம், அதாவது இரண்டு கையையும் விரித்த நீளம், கயிறு திரிக்கும் நேரத்தில் ஒட்டுசுட்டான் சந்திக்குப் போய் ஒரு சுருளே வாங்கி வந்துவிடலாம் என்கிறான். அவன் சொல்வது சரி. உப்புத் தண்ணீரில் நாளெல்லாம் கிடக்கும் கயிறு உக்காமல் இருக்க வேண்டும். அவனுடைய உயிர் அதில் தொங்குகிறது. கடலுக்கு ஆத்தி நாரைக் கொண்டுபோகச் சொல்ல நான் பைத்தியம் இல்லை. கிணற்று வாளிக்கு நானும் நைலோன்தான் கட்டியிருக்கிறேன்.

ஆனால் 'இது பழைய காலத்து இல்லாமை அக்கா, அதை ஏன் திரும்பத் தூக்குகிறாய்' என்று அவன் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. அம்மப்பாவுக்கு வேறு கயிறு கிடைக்கவில்லை என்பது உண்மைதான். அவர் தும்புக் கயிறும் பனை நாரும் கையில் இருந்தபோதே கன்றின் கழுத்துக்கு ஆத்தியைத் தேர்ந்தார் என்பதும் உண்மை. எதன்மேல் கட்டப்போகிறோம், அது வளருமா, அதற்கு நோகுமா, எத்தனை நாளைக்குக் கட்டு நிற்க வேண்டும் என்று கேட்டுவிட்டு நாரைத் தெரிவு செய்த மனிதரை இல்லாதவர் என்று எப்படிச் சொல்வது? நான்தான் 2011 இல் இல்லாதவளாக நின்றேன். கையில் ஒரே ஒரு கயிறு இருந்தது; அதை எல்லாவற்றிலும் கட்டினேன். தம்பி இதற்கு மறுமொழி சொல்லவில்லை. அவன் ஒப்புக்கொண்டதாகவும் நான் நினைக்கவில்லை.

மார்கழியில் வேலியைக் கட்டி முடித்தேன். நீலக் கயிறுகளைக் கழற்றுவது கட்டுவதைவிடப் பெரிய வேலையாக இருந்தது. ஆழமாகப் புதைந்தவற்றை முழுவதும் எடுத்தால் மரத்தில் வளையக் காயம் விழும் என்பதால், மூன்று கதியால்களில் வெட்டி அறுத்துவிட்டு மீதியை உள்ளேயே விட்டுவிட்டேன். இரண்டு தழைத்துவிட்டன. ஒன்று மாசியில் பட்டுப்போனது. கட்டுகளில் பாதி ஆத்தி, பாதி பூவரசம் நார். பூவரசு வேலிக்கு வேலி நிற்பதால் எடுப்பது இலகு. ஆனால் அதன் நார் சற்றுச் சொரசொரப்பு, கன்றுக்கு ஆகாது.

கன்றுக்குத் திரித்த ஆத்திக் கயிறு வைகாசியில் அறுந்தது. கன்று வளர்ந்து இழுக்கும் வலுவும் கூடியிருந்தது. கழுத்தில் மயிர்கூடத் தேயவில்லை. கார்த்திகையில் எடுத்துக் காயவைத்த நாரில் ஒரு கட்டு மீதி இருந்தது. முப்புரியாகத் திரித்துக் கட்டிவிட்டேன். அன்று மாலை வயற்கரைக்குப் போய், நான் கீற்று எடுத்த மரத்தைப் பார்த்தேன். காயத்தின் இரண்டு விளிம்புகளும் உதடுபோல உருண்டு உள்நோக்கி வளர்ந்திருந்தன. இரண்டு விரல் வைக்க முடிந்த இடத்தில் இப்போது ஒரு விரல்தான் வைக்க முடிகிறது.